விறகு டிப்போவில் இரண்டு படகுகள்

“தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வெயிட்டு எத்தனைங்க?”

என் மேனேஜர் இதைக் கேட்டது தொம்மலூர் ஆபீஸில், நான் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? அதற்கு முந்தின வாரம்தான் என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டம் ஒரு சட்டி கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, “பொண்ணு லட்சணமாத்தான் கீது. கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா சொல்லி அனுப்புங்க” என்று கையைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. பேரம் பேசிக் குறைக்க நான் என்ன கத்தரிக்காயா?

“சார், நீங்க மேனேஜர்னு பாக்கறேன். வேற எவனாச்சும் கேட்டிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும்” என்றேன்.

மனிதர் மிரண்டு பின்னால் போய் ஃபோட்டோகாப்பி மெஷின்மேல் இடித்துக்கொண்டார். நாமக்கல் பக்கத்திலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்தவர். ஃபேனை வேகமாக வைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு உடம்பு. “ஐயோ, அப்படி இல்லீங்க. படகுக்கு ஆளு வேணுங்க” என்றார்.

விஷயம் இதுதான். கம்பெனியில் மேலே போக வேண்டுமென்றால் ஒரு ‘ஹாபி’ இருக்க வேண்டும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். இவர் நேராகப் போய் அல்சூர் ஏரிக்கரையில் இருந்த ஒரு படகுச் சங்கத்தில் சேர்ந்து, பழைய மரப் படகு ஒன்றையும் வாங்கிவிட்டார். பாய் கட்டி ஓட்டுகிற படகு, இரண்டு பேர் போகலாம். ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பார். காற்று வந்து படகைச் சாய்க்கும்போது மற்றவர் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பட்டையில் காலைக் கோர்த்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேல் சாய்த்துப் படகை நிமிர்த்த வேண்டும். இவர் கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் இவரைப் போலவே ஒல்லிப் பையன்கள். படகு கவிழ்ந்தது. அல்சூர் ஏரித் தண்ணீரை ஒரு வாய் குடித்தவன் மறு ஞாயிறு ஏன் வருகிறான்?

“நல்லா கனமா ஒரு ஆளு வேணுங்க. ஆபீஸ் பூரா பார்த்துட்டேன். உங்கள விட்டா வேற...” என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் அதோடு கூடவே வேறு ஒன்றும் ஏறிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து என் எடை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. “ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். தண்ணில தள்ளிவிட்டீங்க, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.

ஞாயிறு காலை நான் போனபோது கரையில் நாலைந்து படகுகள் நின்றிருந்தன. படகுக்காரர்கள் எல்லாரும் வானத்தையும் மரத்து இலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, “காளி இல்லா, காளி இல்லா” என்று ஒருவருக்கொருவர் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தண்ணீரைக் காட்டி, “காளி பந்த்து!” என்று கத்தினார். உடனே என் மேனேஜர் அவசரமாக ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்து, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று, ஏரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“இன்னா சார் பண்றீங்க?”

“இங்க காளி ரொம்ப சக்தியான தெய்வம் போலிருக்குதுங்க. எல்லாரும் அதே பேச்சு. ஆனா கோயிலத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியலீங்க.”

எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. “சார், அது காத்து சார்! கன்னடத்துல காத்துக்கு அதான் பேரு. நம்ம சாமி இல்ல!”

“அட கெரகமே!” என்றார் மேனேஜர். “அதான் பூசாரி ஒருத்தரையும் காணோமேன்னு பார்த்தனுங்க.” சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படிக் கும்பிட்டிருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் காற்றின் பெயர் காளி என்றே ஆகிவிட்டது.

இந்த வகைப் படகுகளுக்கெல்லாம் அங்கே ஒரு பெரியவர் காவல். கன்னடக்காரர், ரிட்டயர்டு இன்ஜினீயர். இந்தப் படகுகள் எல்லாம் ஒரே ‘கிளாஸ்’ என்று அவர் சொன்னபோது, டியூஷன் எடுக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வெள்ளைக்காரர் படகுக்கு ஒரு வரைபடம் போட்டுவிட்டுப் போனார். நீளம், அகலம், பாயின் அளவு, எல்லாம் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஜெயிக்கிறவன் படகால் ஜெயிக்காமல் கையால் ஜெயித்தான் என்று சொல்ல முடியும். அதுதான் கிளாஸ். அதில் ஒரு ஆணியை மாற்றினாலும் பெரியவருக்கு மூச்சு முட்டும்.

ஆணி கிடக்கட்டும். உள்ளே வரும் தண்ணீரை மொண்டு ஊற்ற நான் பாத்ரூம் மக் கொண்டுபோனேன், பிளாஸ்டிக் ஆகாது என்று திருப்பி அனுப்பினார். எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு வந்தது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டை என் இடுப்பைச் சுற்றி வரவில்லை, அதனால் துப்பட்டாவைக் கோர்த்து முடிச்சுப் போட்டேன். பெரியவர் அந்தத் துப்பட்டாவை விரலால் உருட்டிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, “காட்டன்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் அனுமதி கொடுத்தார். வரைபடம் போட்ட காலத்தில் கயிறெல்லாம் காட்டன்தானாம்.

ஆயுத பூஜைக்கு என்ன கூத்து தெரியுமா? வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். படகுக்கு எங்கே சக்கரம்? ஒவ்வொருவரும் ஒரு இடம் சொன்னார்கள். கடைசியில் நான் சுக்கானின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, பாய்மரத்தின் உச்சியில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினேன். உச்சியில் கொடியைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று பெரியவர் சாயந்திரம் வரை அதன் கீழேயே நின்றார். அவர் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து நானே கழற்றினேன்.

ஆனால் அவர்மேல் எனக்குக் கோபமே வராது, காரணம் இருக்கிறது. முதல் நாள் காளி வந்து படகு ஒரே சாய்வாகச் சாய்ந்தபோது மேனேஜர், “வெளிய சாயுங்க! சாயுங்க!” என்று அலறினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீரின் மேல் சாய்ந்தேன். படகு நிமிர்ந்துகொண்டது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. பிறகு அது ஓடிய ஓட்டம்! முதுகு தண்ணீரில் உரச உரச ஓடியது. கரைக்கு வந்ததும் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத் தெரிந்த பார்வைதான், பெண் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: “ஜாஸ்தி ஆகலி. கம்மி ஆகபாரது.”

கூடினால் கூடட்டும், குறையவே கூடாது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீலசந்திராவில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வேறு கணக்கு. ஏரியில் ஆடி அசைந்தால் உடம்பு வற்றிவிடும் என்று நம்பி, ஞாயிறு காலையில் கொள்ளுக் கஞ்சி மட்டும் ஊற்றி அனுப்புவாள். ஏரிக்கரையில் மேனேஜர் நெய் தோசைப் பொட்டலத்தோடு நிற்பார். “ஏனுங்க, ரெண்டோட நிறுத்திட்டீங்க? இன்னைக்குக் காளி பலமா வரும்போல இருக்குதுங்க” என்று கெஞ்சுவார். கொள்ளும் நெய்யும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்ததில் நான் இருந்தபடியே இருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாடர்ன் வந்தார். வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மெம்பர், நம் தமிழ் ஆள்தான், வாயைத் திறந்தால் மாடர்ன், மாடர்ன் என்பார், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் லாரியில் வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் கிளாஸ் படகைக் கொண்டுவந்து இறக்கினார். உருவம் எங்கள் படகு மாதிரியே, ஆனால் இரண்டு பேர் அலட்சியமாகத் தூக்கிவிடலாம். நம்முடைய கிளாஸும் இதற்கு மாற வேண்டும் என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, “கிளாஸ்ல படகா? எவனாச்சும் கல்லு வுட்டா இன்னா ஆவறது?” என்றாள்.

மாடர்ன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மரம் உளுக்கிறது, வருஷத்தில் பாதி நாள் ரிப்பேர், கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்குள் உயிர் போகிறது, சின்ன வயசுக்காரர் ஒருவரும் வருவதில்லை. “நாமெல்லாம் போனப்புறம் இந்தப் படகை யார் ஓட்டுவாங்க? மியூசியத்துலயா வைக்கிறது?” என்று கேட்டார். பெரியவர் “மாத்தினால் அதற்கு வேறு பெயர் வை” என்று மட்டும் கன்னடத்தில் முணுமுணுத்தார்.

நானும் ஆசையாகத்தான் போனேன். புதுப் படகு, ஏறிப் பார்க்கலாமே என்று ஒரு காலைத் தூக்கினேன். மாடர்ன் குறுக்கே வந்து கையை நீட்டினார். “ஸாரி மேடம். இது லைட்வெயிட் போட். லைட்டான ஆளுங்களுக்குத்தான் டிசைனே. நீங்க கரையிலயே இருந்துடுங்க, ப்ளீஸ்.”

தூக்கிய காலைக் கீழே வைத்தேன். ப்ளீஸாம், ப்ளீஸ்! பெங்களூர் முழுக்கத் தேடி என் உடம்புக்கு என்று ஒரே ஒரு இடம் கிடைத்தது, இரண்டு சாண் அகலத்தில் ஒரு மர விளிம்பு. அதையும் மாடர்ன் ஆக்கிவிட்டால் நான் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போக வேண்டியதுதான். விடுவேனா?

படகுக்கு ஒரு ஓட்டு. எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம், என் மேனேஜர் மட்டும் பாக்கி. எனக்கு ஓட்டு கிடையாது, நான் சொந்தக்காரி இல்லையே. திங்கட்கிழமை ஆபீஸில் அவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எங்கள் கம்பெனி முழுக்க ஒரே வேலைதான்: இரண்டாயிரம் பிறந்தால் வெளிநாட்டுக்காரர்களின் பழைய புரோகிராம்கள் வருஷம் தெரியாமல் குழம்பிவிடும் என்று, அவற்றுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பது.

“சார், பழசைத் தூக்கிப் போடாம ஒட்டுப் போட்டுத்தானே நாம சோறு திங்கறோம்? படகு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

“நீங்க சொல்றதும் சரிதானுங்க” என்றார். மத்தியானம் மாடர்ன் ஃபோன் பண்ணினார். லைனைக் கொடுத்துவிட்டு நான் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவரிடமும், “நீங்க சொல்றதும் சரிதானுங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பூராவும் அவருக்கு வந்த ஃபோனையெல்லாம் கேன்டீனுக்குத் திருப்பிவிட்டேன்.

கூட்டத்தன்று படகுக் கொட்டகையில் போண்டா தின்று முடித்ததும் என் மேனேஜர் எழுந்து தொண்டையைச் செருமினார். “புதுசு வரட்டுங்க. ஆனா பழசு மாதிரியே நடந்துக்கோணும். எடையும் அதே எடை இருக்கோணும். எத்தனை கொறையுதோ அத்தனைக்குப் பாரம் சேத்துக்கட்டுமுங்க. எங்க ஆபீஸ்ல இப்படித்தானுங்க செய்யறோம்.”

யாருக்கும் சரியாகப் புரியவில்லை, அதனால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கனம் குறைய வேண்டும் என்று வாங்கிய படகு, அதில் கனத்தை ஏற்றிப் பழைய படகின் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர் மாடர்னாம். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நான் இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டேன்.

இப்போது எடை போட வேண்டும். படகை நிறுக்கிற தராசுக்கு எங்கே போவது? என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “எங்க வீட்டாண்ட விறகு டிப்போ கீது சார், பெரிய தராசு” என்று சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு படகையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் நீலசந்திராவுக்குள் நுழைந்தபோது தெருவே வெளியே வந்து நின்றது. “ஏரில தண்ணி பூடுச்சா? போட்டைத் தெருவுல வுடப்போறாங்களா?” என்று ஒரு அக்கா கேட்டாள். டிப்போக்காரர் பழைய படகைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “நல்லா காஞ்ச மரம். சின்னதா பொளந்து குடுக்கட்டுமா, இப்படியே போட்டுக்கட்டுமா?” என்றார். பெரியவர் இரண்டு கையாலும் படகைக் கட்டிக்கொண்டு, “முட்டபேடி! முட்டபேடி!” என்று கத்தினார். தொடாதே என்று அர்த்தம், ஆனால் அந்தக் குரலுக்கு யாருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

தராசு பெரியதுதான், உத்தரத்திலிருந்து தொங்கியது. ஆனால் பெரிய எடைக்கற்கள் இல்லை. முத்திரை குத்துவதற்காக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களாம். சரி, கல் வேண்டாம், ஒரு தட்டில் பழசு, மறு தட்டில் புதுசு வைத்துப் பார்க்கலாம் என்று சங்கிலியில் கட்டித் தூக்கினார்கள். பழைய படகு கீழேயே உட்கார்ந்துகொண்டது. புதுசு அந்தரத்துக்குப் போனது. ஏதாவது பாரம் வேண்டுமே என்று எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

“மேடம், தப்பா எடுத்துக்கலன்னா...” என்று ஆரம்பித்தார் மாடர்ன்.

“கரையில இருன்னீங்களே, இப்ப மட்டும் ஏறணுமா?” என்றேன். கூட்டத்தில் அம்மா நின்றிருந்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த எடை அது. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “பாருங்க! எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க!” என்று துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, விறகுக் குவியல்மேல் கால் வைத்து, புதுப் படகு இருந்த தட்டில் ஏறி நின்றேன்.

சங்கிலி கிறீச்சிட்டது. பழைய படகு மண்ணை விட்டு மெதுவாக மேலே எழும்பியது. நான் நின்ற தட்டு கீழே இறங்கியது. இரண்டு தட்டும் நேருக்கு நேராக வந்து, ஆடி, நின்றுவிட்டன. முள் அசையவில்லை. பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நான்தான், கிராம் பிசகாமல்.

கூட்டத்தில் யாரோ, “துலாபாரம்டோய்!” என்று கத்தினார்கள். எதிர்வீட்டு அக்கா ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து காட்டினாள். ஒரு தேங்காய் உடைந்தது. அம்மா கிட்டே வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டு, “அடிப்பாவி, இனிமே எவன்டி வருவான்?” என்று காதோடு கேட்டாள். அவள் குரல் உடைந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது. அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்குள் கீழே சண்டை ஆரம்பித்துவிட்டது. “அப்போ மேடம் இனிமே என் போட்ல வருவாங்க, அதான் ரூல்” என்றார் மாடர்ன். “அதெப்படிங்க? அவங்க எங்க ஆளுங்க” என்று என் மேனேஜர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். என்னைப் பார்க்க வந்த எவனும் எனக்காக ஒரு டீயைக் கூட விட்டுக்கொடுத்ததில்லை, இங்கே படித்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் நடுத்தெருவில் மல்லுக்கு நிற்கிறார்கள். பெருமையாக இருக்கிறதே என்று காதைத் தீட்டிக் கேட்டால், ஒருவர் வாயிலும் நான் இல்லை, எடைக்கல்தான் இருந்தது. பெரியவர் நடுவில் புகுந்து, சேர்க்கிற பாரம் எதுவானாலும் கழன்றுவராதபடி படகோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

“என்னையும் முடுக்குவீங்களா?” என்று கேட்டுவிட்டு இறங்கப்போனேன்.

“எறங்காதம்மா!” என்று டிப்போக்காரர் பாய்ந்து வந்தார். “நீ எறங்கினா அந்தப் படகு டமார்னு உழும்! காஞ்ச மரம், தூளாப் பூடும்!”

ஒரு காலைத் தூக்கினேன். தராசு ஆடியது. பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். காலை மறுபடி வைத்தேன். எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது: இத்தனை பேரும் இப்போது என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும்.

“நல்லா கேட்டுக்கோங்க” என்றேன். “புதுசு வேணுமா, பழசு வேணுமா, எது வேணா வெச்சுக்கோங்க. யாரைக் கரையில நிக்க வெக்கறோம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இனிமே நான் பாரமா வரமாட்டேன். எவர் படகுல சுக்கானை என் கையில குடுக்கறாங்களோ, அவங்க படகுல வருவேன். இல்லன்னா இதோ எறங்கறேன்.”

“இட்ஸ் எ நியூ போட், மேடம்...” என்று மாடர்ன் தடுமாறினார். நான் ஒரு காலைத் தூக்கினேன்.

“குடுத்தர்றனுங்க!” என்று கத்தினார் என் மேனேஜர். “நீங்களே புடிச்சுக்கோங்க! நான் முன்னால உக்காந்துக்கறனுங்க!”

எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தொங்குகிற படகிலிருந்து கண்ணை எடுக்காமல், சுக்கானை யார் பிடிக்கக் கூடாது என்று வரைபடத்தில் எங்கேயும் போடவில்லை என்று கன்னடத்தில் வேகவேகமாகச் சொன்னார். பிறகு நாலு பேர் பழைய படகை ஏந்திப் பிடித்தார்கள், நான் இறங்கினேன்.

அதற்குப் பிறகு சில வருஷத்தில் அந்த ஏரியில் எல்லாமே ஃபைபராக மாறிவிட்டது. நானும் அதில்தான் ஓட்டினேன். நல்ல படகுதான், குறை சொல்லக் கூடாது. மாறியதால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது தராசுக்கு அடுத்த ஞாயிறுதான்.

மாடர்ன் தன் புதுப் படகுக்குள் மணல் மூட்டைகளை வைத்து, பெரியவர் சொன்னபடி பட்டை போட்டு போல்ட்டால் முடுக்கிக்கொண்டு பந்தயத்துக்கு வந்திருந்தார். பித்தளைச் சொம்பு, துப்பட்டா முடிச்சு எல்லாவற்றோடும் நான் பழைய படகின் பின்னால் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். நான் உட்காரும் விளிம்பில் மேனேஜர் காலைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் காளி இல்லை. புதுசும் பழசும் ஆகாயத்தாமரைக்கு நடுவில் அசையாமல் கிடந்தன. கரையில், என் வாழ்நாளில் முதல் முறையாக, அம்மா வந்து நின்றிருந்தாள். கையில் தூக்கு இருந்தது, கஞ்சியா சோறா தெரியவில்லை.

அப்போது தூரத்தில் தண்ணீர் கறுத்தது.

“காளி வர்றாங்க!” என்று மேனேஜர் அலறினார். பாய் படாரென்று விம்மியது. படகு அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவர் உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்து, தலை தண்ணீரைத் தொட, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினார். படகு அவரை மதிக்கவே இல்லை, இன்னும் சாய்ந்தது. நானும் பின்னால் சாய்ந்து, சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க வெயிட்டு எத்தனைங்க?”